கட்டைவிரல் மேடம்

அவர் எங்கள் கம்பெனிக்கு முதன்முதலாகச் சரக்குப் பார்க்க வந்த அன்று, பதற்றத்தில் நான் டீஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்கு அது தெரியாது. ஜாபருக்குத் தெரியும். ஜாபர் எங்கள் பேக்கிங் பொறுப்பாளன் மட்டுமல்ல, பால்ய சிநேகிதனும்கூட என்பதால் சொல்லவில்லை. அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் தோளோரம் வெளியே தெரிந்த தையலை ஒரு கணம் பார்த்தார்.

"ஓவர்லாக் தையல் நல்லா இருக்குங்க சார்," என்றார். சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள் நேரில் வந்து பார்க்க முடியாது. அவர்கள் சார்பில், சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன் ஒருவர் வந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து 'பாஸ்' என்றோ 'ஃபெயில்' என்றோ சொல்லிவிட்டுப் போவார். அவருக்குப் பெயர் கியூசி. 'பாஸ்' என்றால் அன்று கம்பெனியில் பிரியாணி. 'ஃபெயில்' என்றால் முதலாளிக்கு குளுக்கோஸ். திருப்பூரில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு. கியூசியைக் கும்பிடாதவர்கள் கிடையாது. இந்த அம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டைவிரல் மேடம். அவ்வளவுதான்.

மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். டேப்பை வைத்து அளப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். இவரும் அதையெல்லாம் செய்வார். செய்து முடித்தபின், ஏதோ இப்போதுதான் வேலை ஆரம்பிப்பதுபோல, துணியை உள்பக்கம் திருப்பி வலது கட்டைவிரலைத் தையலின்மேல் மெதுவாக ஓட்டுவார். அந்த நேரத்தில் துணியைப் பார்க்கவே மாட்டார். சுவர்க் காலண்டரைப் பார்ப்பார், மின்விசிறியைப் பார்ப்பார், சமயத்தில் என்னைப் பார்ப்பார். விரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்கு மூச்சு வரும். நின்றால் நிற்கும்.

ஒரு தடவை அது நின்ற இடத்தில் எங்கள் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தோம். மழுங்கிப்போன ஊசி குத்தி, பின்னலில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தது. இரண்டு முறை துவைத்தால் அந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. ஜாபர் என் காதில், "ஏனுங்ணா, இந்தம்மாவுக்கு அது வெரலா, இல்ல கேமராவா?" என்றான். அவர் திரும்பாமலே, "வெரல்தானுங்க," என்றார்.

சொந்தச் சித்தப்பா மகனின் கம்பெனியில் ஃபெயில் போட்டுவிட்டு, அன்று சாயந்திரமே அந்தத் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவர். இலைக்கு எதிரே வந்து நின்று அந்தத் தம்பி, "எப்பிடியக்கா உனக்குச் சோறு எறங்குது?" என்று கேட்டிருக்கிறார். "சோறு நல்லாத்தான் இருக்குது. அந்தக் கழுத்துப்பட்டிதான் சரியில்லை," என்று சொல்லி ரசம் வாங்கிக்கொண்டாராம். இது ஊரே சொல்கிற கதை. எனக்குச் சொந்தமாகத் தெரிந்த கதைகள் வேறு. அவை ஆற்றில் நடந்தவை.

எனக்கு பிரஷர் ஏறிக்கொண்டே போன காலத்தில் டாக்டர், ஞாயிற்றுக்கிழமையாவது போனைத் தொடாமல் எங்காவது சும்மா உட்காரச் சொன்னார். சும்மா உட்கார்ந்தால் எனக்கு இன்னும் ஏறும். அதனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு தாராபுரம் தாண்டி அமராவதியில் ஒரு தடுப்பணைக்குப் போக ஆரம்பித்தேன். (எங்கள் ஊரிலும் ஆறு உண்டு. அதில் அந்தந்த வருட ஃபேஷன் கலரில் தண்ணீர் ஓடும்.) மூங்கில் கழி, மண்புழு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மேட்டுக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தேன். உடனே வேலமரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். எதற்கு ஒளிந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அன்று என் கம்பெனியில் எந்தச் சரக்கும் இல்லை.

"ஒளிஞ்சுக்காதீங்க தம்பி. மீனு பயந்துக்கும்," என்று குரல் வந்தது.

தம்பி! கம்பெனியில் நான் சார். ஆற்றில் தம்பி. இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. ஆற்றங்கரையில் அரட்டையடித்துவிட்டு மறுநாள் கம்பெனியில் நான் பல்லைக் காட்டினால், இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அவர் கையில் இருந்தது மெல்லிய தூண்டில் கோல். கோலின் மேலே, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ரீல். இந்த வகை ரீலில் நூல் சுற்றிய சுருள் படுக்கை வசத்தில் இருக்கும். வீசும்போது கட்டைவிரலை அந்தச் சுருளின் மேலேயே வைத்திருக்க வேண்டும். விரல்தான் பிரேக். நுனியில் புழு கிடையாது; உலோகத் தகடும் இறகுமாக ஒரு பொய்மீன். மூன்று கிராம். பாலித்தீன் பையில் போட்ட குழந்தைச் சாக்ஸ் ஒன்று இதைவிட எடை இருக்கும்.

எதிர்க்கரையில் ஒரு பூவரசு, கிளை தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய்ந்து நின்றது. கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தட்டு நுழைகிற இடைவெளி. அவர் பக்கவாட்டில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கினார். பொய்மீன் தண்ணீரை ஒட்டியே பறந்தது. விரல் சுருள்மேல் பட்டும் படாமல் இருந்தது. கடைசியில் லேசாக அழுத்தினார். பொய்மீன் அந்த இடைவெளிக்குள் நுழைந்து, தண்ணீருக்கு வலிக்காத மாதிரி விழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. கம்பெனியில் என் சரக்கை ஓட்டிப் பார்க்கிற அதே விரல். என் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்ட விரலின் வேலையைப் பார்த்து என் ரத்த அழுத்தம் இறங்கியது. டாக்டரிடம் சொன்னேன்; மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்.

நாலைந்து வீச்சுக்கு ஒரு தரம், பொய்மீனுக்கு மேலே ஒரு கை நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டைவிரலில் ஓட்டிப் பார்ப்பார். "கல்லுல ஒரசியிருந்தா கீறல் உளுந்திருக்குமுங்க. கண்ணுக்குத் தெரியாது. பெரிய மீனு மாட்டறப்பத்தான் தெரியும்," என்பார். அப்போதும் பார்வை மேகத்தில் இருக்கும்.

ஒருநாள் பெரிய விரால் ஒன்று வந்தது. என் முழங்கை நீளம். கரையேற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. நான் கூடையைத் திறந்துகொண்டு ஓடினேன். மீனைப் புரட்டிப் பார்த்தார். தூண்டில் முள் வாயில் இல்லை, விலாவில் குத்தியிருந்தது. முள்ளை எடுத்தார், மீனைத் தண்ணீரில் விட்டார்.

"அக்கா!" என்று அலறினேன்.

"இது கடிச்சு வரலீங்க. அது பாட்டுக்குப் போயிட்டிருந்துது, முள்ளு மாட்டிக்கிச்சு. நான் பிடிச்ச மீனு இல்ல."

"இங்க நானும் நீங்களும் மட்டும்தானுங்க இருக்கறோம். யாருக்குத் தெரியப் போகுது?"

பதில் சொல்லாமல் நூலைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் கூடையை மூடினேன். அன்று மதியம் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

அப்படியொரு வீச்சைப் பார்த்தபின் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்க மனம் வருமா? நானும் அந்த மாதிரி ரீல் வாங்குவது என்று முடிவு செய்து, எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவரிடமே கேட்டேன். "பெட்டி மேல அச்சடிச்சிருக்கறதை நம்பாதீங்க தம்பி. ஸ்பூலைக் கழட்டி, தனியா எடை போட்டுப் பாருங்க. நம்ம கம்பெனி ஜிஎஸ்எம் தராசு போதும். எடை என்னன்னு..." அந்த நேரத்தில் ஒரு குறவை மீன் கடித்தது. அவர் அதன் பின்னால் போய்விட்டார். மீதி வாக்கியம் ஆற்றோடு போயிற்று.

ஸ்பூல் என்றால் நூல் சுற்றுகிற அந்தச் சுருள். ஜிஎஸ்எம் தராசு எங்கள் ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். துணியை வட்டமாக வெட்டி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்கிற குட்டித் தராசு. நூற்றி நாற்பது ஜிஎஸ்எம் என்று சொல்லிவிட்டு நூற்றி இருபது அனுப்புகிறவன் திருடன். நூற்றி அறுபது அனுப்புகிறவன் யோக்கியன், சீக்கிரம் திவாலாவான். நாங்கள் பிறந்தது முதல் கற்ற பாடம்: எடை கூடினால் தரம். எடை போட்டுப் பார் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பக்கம் என்று திருப்பூர்க்காரன் கேட்கவே மாட்டான்.

தராசைப் பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் போனேன். தூண்டில் சாமான் கடைக்காரர் மேஜைமேல் நான் தராசை வைத்ததும், "சார், நகை வாங்கறதா இருந்தா அடுத்த தெருவுங்க," என்றார். ஒவ்வொரு ரீலாகப் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்பூலைக் கழற்றச் சொல்லி எடை போட்டேன். ஒன்று இறகு மாதிரி இருந்தது. ஓட்டை ஓட்டையாகக் குடைந்து, ஆழமே இல்லாமல், பத்துச் சுற்றுக்கு மேல் நூல் பிடிக்குமா என்று சந்தேகம். விலை மட்டும் உச்சத்தில். இன்னொன்று பித்தளை மாதிரி கனத்தது, குழி ஆழம், விலையும் பரவாயில்லை.

"எதுக்குப் போடப் போறீங்க சார்?"

"மூணு கிராம் பொய்மீனுக்குங்க."

"அய்யோ, அது கடலுக்குங்க. அதுல மூணு கிராம் போட்டா உங்க கால்லயே விழும். இந்த லேசானதை எடுங்க."

எடை குறையக் குறைய விலை கூடுகிறது என்று ஒரு வியாபாரி சொன்னால் அவரைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும்? மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கனத்ததை வாங்கினேன். கொடுத்த காசுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று கழுத்துவரை நூலும் சுற்றச் சொன்னேன். பின்னல் நூல், கத்தி மாதிரி மெல்லியது. வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது என் மனைவி, "ஏனுங்க, இது கெணத்துல தண்ணி எறைக்கறதா?" என்றாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆற்றில் நான் வீசியதைச் சொல்லி என் மானத்தை நானே வாங்க விரும்பவில்லை. கடைக்காரர் சொன்னது தப்பு. பொய்மீன் என் காலில் விழவில்லை, முதுகுக்குப் பின்னால் விழுந்தது. "நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்கக்கா," என்று கெஞ்சினேன். அவர் ரீலைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார்.

"இதுல யானை புடிக்கலாமுங்க. வேண்டாம் தம்பி."

"ஒரே ஒரு தடவைங்க."

மெதுவாக வீசினார். பொய்மீன் பக்கத்தில் விழுந்தது. ரீலின் பக்கத்தில் இருந்த திருகைத் தளர்த்தி, பலமாக வீசினார். சுருள் வெறிபிடித்தமாதிரி சுழன்றது. பொய்மீன் பாதி தூரத்தில் களைத்துவிட்டது, சுருள் களைக்கவில்லை. நூல் குபுகுபுவென்று மேலே பொங்கியது. சிக்கலை நிறுத்த அவர் கட்டைவிரலால் அழுத்தினார். அடுத்த கணம் ரீல் முழுக்க ரத்தம்.

எனக்குக் கண் இருட்டியது. துண்டைக் கிழித்துக் கட்டுகிறேன் என்று சொல்லி என் வேட்டியைக் கிழித்தேன். ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனை எடுத்து, பூட்டைத் திறக்கிற எண் மறந்து நின்றேன். அந்த விரல்! ஊர் முழுக்க எத்தனை கம்பெனிகளின் தலையெழுத்து ஓடுகிற விரல். அதை நான் அறுத்துவிட்டேன்.

"உக்காருங்க தம்பி. உங்களுக்குத்தான் மொதல்ல தண்ணி குடுக்கோணும்," என்று அவர் சிரித்தார். ஓரத்தில்தான் காயம். கழுவி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, சிக்கலைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "நாம வீசறதோட நம்ம வேலை முடிஞ்சுதுங்க. அப்புறம் பொய்மீனுதான் ஓடுது. அது நூலை இழுக்கோணும், நூலு இந்தச் சுருளைச் சுத்தோணும். மூணு கிராம் எவ்வளவுங்க இழுக்கும்? சுருள் லேசா இருந்தாத்தான் அது சொன்னதைக் கேக்கும். அது நிக்கறப்ப இதுவும் நிக்கும். நூலும் கொஞ்சமாத்தான் சுத்தோணும்."

"எடை போட்டுப் பாருன்னு சொன்னீங்களேக்கா..."

"கம்மியா இருக்கறதை எடுங்கன்னு நான் சொல்லலியே. அது என் தப்புங்க. பாதில உட்டுட்டுப் போயிட்டேன்." தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்வதுபோல், கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல். அறுபட்டது அவர் விரல். அறுத்தது என் ரீல். ஆனால் ஃபெயில் ஆனது அவர்தான்.

நல்லவேளை என்று நான் பெருமூச்சுவிட முடியாது. மறுநாள் திங்கட்கிழமை, என் கம்பெனியில்தான் சரக்குப் பார்க்க வருகிறார். கைக்குழந்தைப் பனியன். அந்த வருடம் எனக்கிருந்த ஒரே பெரிய ஆர்டர். அது போய்ச் சேர்ந்தால் கட்டட வாடகை, ஆள் கூலி, வங்கி எல்லாவற்றுக்கும் முகம் காட்டலாம். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு நான் மெஷின்களை விற்றுவிட்டுக் கூடவே பறக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலையில் பிளாஸ்திரியோடு வந்தார். "கை எப்பிடிங்க..." என்று ஆரம்பித்தேன். "பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்க சார்," என்றார். வழக்கம்போல அளந்தார், பார்த்தார், உள்பக்கம் திருப்பினார். அன்று இடது கட்டைவிரல் ஓடியது. காலண்டர், மின்விசிறி, நான். விரல் நிற்கவேயில்லை. மதியத்துக்கு முன்பே, "பாஸுங்க சார்."

ஜாபர் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. பிரியாணி வந்தது. பீகாரிலிருந்து வந்த தையல்காரர்கள் பாட்டுப் போட்டார்கள். நான் ஆடினேன் என்று ஜாபர் சொல்கிறான். ஆதாரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்கூட்டர் மறுபடி வாசலில் வந்து நின்றது. பர்ஸை விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். மனிதன் எவ்வளவு நல்ல விதமாக நினைக்கிறான் பாருங்கள்.

"நேத்து நான் பார்த்தது செல்லாதுங்க சார். பெட்டியெல்லாம் எறக்கச் சொல்லுங்க."

"மேடம், லாரி..."

"தெரியுதுங்க."

"அக்கா, சாயந்தரத்துக்குள்ள வண்டி கிளம்பலீன்னா கப்பல் போயிருமுங்க. நான் செத்தேன்."

"இங்க அக்கா இல்லீங்க சார்."

பிறகு, ஒரு கணக்குப் பிழையை விளக்குகிற குரலில் சொன்னார். காலையில் வீட்டில் தூண்டில் நூலைத் துடைத்துச் சுற்றியிருக்கிறார். பழக்கம்போலத் தடவிப் பார்த்திருக்கிறார், இடது கையால். சுத்தமாக இருந்தது. காயத்தைக் கழுவ பிளாஸ்திரியை எடுத்தவர், என்ன தோன்றியதோ, அதே நூலை வலது கட்டைவிரலில் ஓட்டியிருக்கிறார். நடுவில் கீறல்.

"இடது கைக்கு இந்த வேலை தெரியாதுங்க சார். தெரியும்னு நெனச்சு உங்க சரக்கை அதுல ஓட்டிப்போட்டேன். எங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, நேத்து பார்த்தது தப்பு, மறுபடி பாக்கறேன்னு சொல்லிட்டேன்."

பெட்டிகள் இறங்கின. வலது கட்டைவிரல், ஓரத்தில் சிவந்த கோட்டோடு, குழந்தைப் பனியன்களின் கழுத்துக்குள் ஓடத் தொடங்கியது. முதல் பெட்டி ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. ஜாபர் உதடசைத்து ஓதிக்கொண்டிருந்தான். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும், தெரியாதவற்றுக்கும் வேண்டினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் நின்றது.

பின்கழுத்தில் லேபிள் தைத்த இடம். என்னிடம் நீட்டினார். பார்த்தேன், ஒன்றுமில்லை. தடவினேன், வருடக்கணக்காகக் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரல், அதற்கு எதுவும் தெரியாது. "கழுத்துல வெச்சுப் பாருங்க," என்றார். வைத்தேன். முள் குத்தியது.

லேபிள் தைக்க வெளியே கொடுத்திருந்தோம். அங்கே மெத்தென்ற நூல் தீர்ந்துவிட்டிருக்கிறது. கடைசிக் கொஞ்சத்துக்குத் தங்கூசியில் தைத்துவிட்டார்கள். தூண்டிலுக்குப் போடுகிற கண்ணாடி நைலான் நூல். கண்ணுக்குத் தெரியாது, வெட்டிய முனை மட்டும் விறைத்து நிற்கும்.

"கைக்கொழந்தைக்குச் சொல்லத் தெரியாதுங்க சார். அழுகத்தான் தெரியும். பல்லு மொளைக்குதுன்னு நெனச்சுக்குவாங்க," என்றவர், பனியனை மடித்து வைத்தார். "ஃபெயிலுங்க."

ஜாபரைக் கூப்பிட வேண்டிய நான், பக்கத்திலேயே நின்ற அவனை விட்டுவிட்டு, மனைவிக்குப் போன் போட்டு, "ஃபெயில்!" என்று கத்தினேன். அவள் நிதானமாக, "பையனா? எந்தப் பாடத்துலீங்க?" என்றாள்.

அதற்குப்பின் நடந்ததை நான் நடத்தினேன் என்று சொல்ல ஆசைதான். நடத்தியவன் ஜாபர். பெட்டி பெட்டியாகக் கொட்டி, லேபிள்களைத் தங்கள் கழுத்தில் வைத்துப் பார்த்துத் தங்கூசி போட்டவற்றைப் பெண்கள் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு கழுத்திலும் சிவப்பாகக் கீறல். தையல் பிரித்து, மெத்தென்ற நூலில் மறுபடி தைத்தார்கள். "ஹோ ஜாயேகா சேட்", முடிந்துவிடும் முதலாளி, என்று தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே இருந்தார் ஒரு பீகார் தையல்காரர். நான் ஓடி ஓடி எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்தேன். மேடம் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உதவ வரவில்லை, கியூசி ஊசியைத் தொடக் கூடாது. வீட்டுக்கும் போகவில்லை. நடுவே அவர் போன் அடித்தது. எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று பேசினார். ஜாபர் காதில் விழுந்தது ஒன்றே: "இல்லீங்க, கம்பெனி மேல தப்பில்லீங்க. பார்த்தது நான்தான்."

வெயில் தாழ்ந்தபோது மறுபடி உட்கார்ந்து விரலை ஓட்டினார். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியை மூடி, "பாஸுங்க சார்," என்றார். அன்று யாரும் கத்தவில்லை, ஆடவில்லை. லாரி கிளம்பியபின் அந்த இடம் கோயில் மாதிரி இருந்தது.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இனி திருப்பூர்ச் சரக்கு பார்க்க வேண்டாம் என்றுவிட்டார்களாம். கொடுத்த பாஸை அவரே ரத்து செய்தால் வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்றார்களாம். வேறு ஊரில், உட்கார்ந்து செய்கிற ஏதோ வேலை.

எனக்கு என் சரக்குக்குப் பதறியதைவிட அதிகமாகப் பதறியது. "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குங்க தெரியும்?" என்றேன்.

"அந்த விராலை உட்டப்பவும் இதையேதான் கேட்டீங்க."

"நீங்கதான் பதிலே சொல்லலியேங்க."

"இன்னும் யோசிச்சுட்டிருக்கறேனுங்க தம்பி," என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினார். கம்பெனி வாசலில் அவர் என்னைத் தம்பி என்றது அது ஒருமுறைதான். அந்த மாதமே ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று விசாரித்தேன். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

அடுத்த சரக்குக்குப் புதிதாக ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. சென்ட் அடித்திருந்தார், சிரித்தார், மேலாக இரண்டு பெட்டியைப் பிரித்தார், துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், போனையும் பார்த்துக்கொண்டார். நான் காப்பி சொல்லி அனுப்பியது வந்து சேர்வதற்குள் முடித்துவிட்டு எழுந்தார்.

"பாஸ் சார். கங்கிராட்ஸ்!"

எனக்கு வியர்த்தது.

"சார், இன்னும் ரெண்டு பெட்டி பிரிச்சுப் பாருங்க சார்."

"எதுக்குங்க? அதான் பாஸ்னு சொல்லிட்டேனே."

"அதானுங்க சார் பயமா இருக்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் ஜாபர் தரையில் உட்கார்ந்து, மூன்றாவது பெட்டியைப் பிரித்து, ஒரு பனியனின் லேபிளைத் தன் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.